பார் வீதியின் ‘பார்’ எது? ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள் பற்றிய உரையாடல்

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி:

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் பாடசாலையில் ஆங்கிலம் கற்பிப்பவள். ஒரே சொல் இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள் கொள்வதை விளங்கப்படுத்துவதற்காக, சென்ற கிழமை தரம் பத்து மாணவர்களுக்கு ‘பார்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதற்குத் தெரிந்த பொருள்களையெல்லாம் சொல்லும்படி கேட்டேன். மதுபானசாலை, சொக்லேட் கட்டி, சவர்க்காரக் கட்டி, உதைபந்தாட்டக் கோல் கம்பத்தின் மேற்சட்டம், சிறைச்சாலைக் கம்பி, கைப்பேசியில் தெரியும் சிக்னல் கோடு என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. அப்போது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “ரீச்சர், எங்கட பார் வீதியில இருக்கிறது இதில எந்தப் பார்?” என்று கேட்டாள். அங்கே முன்பு சாராயக்கடை இருந்திருக்கும் என்றான் ஒருவன். சட்டத்தரணிகள் வாழ்ந்த தெருவாக இருக்கும் என்றான் மற்றவன். மட்டக்களப்பு நகரில் உள்ள அந்த வீதியால் நாள்தோறும் போய்வரும் எனக்கே உறுதியான விடை சொல்ல முடியவில்லை.

இக்கேள்வி என் மனதை விட்டு அகலாமைக்கு இன்னுமொரு காரணம் உண்டு. எமது உறவினரான பெரியவர் ஒருவர் சட்டத்தொழிலில் இருந்து காலமானவர். அவருடைய நினைவு மலருக்காக ஆங்கிலக் குறிப்பொன்றைத் தமிழாக்கியவர், அவர் சட்டத்தரணியானதைச் சொல்லும் வரியை ‘மதுச்சாலைக்கு அழைக்கப்பட்டார்’ என்று எழுதிவிட்டார். அச்சாகி ஊருக்கெல்லாம் பகிர்ந்த பிறகே அது கண்ணில் பட்டது. வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத மனிதர் அவர். அவருடைய பிள்ளைகள் அடைந்த வேதனையை நான் நேரில் கண்டேன். ஒரு சிறு சொல்லின் பொருள்களைச் சரியாகப் பிரித்தறிவது எவ்வளவு முக்கியமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஆகவே மாணவர்களுக்குக் கொடுப்பதற்காக ஒரு குறிப்பு எழுத விரும்புகிறேன். அவரவர் தொழிலில் இச்சொல்லை எப்படிக் கண்டீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பாலமீன்மடுவான்:

ரீச்சருக்கு வணக்கம். நான் பாலமீன்மடுவில் பிறந்து, தகப்பனாரோடு வாவியிலும் கடலிலும் தொழில் செய்தவன். பார் வீதி எங்கே போய் முடிகிறது என்று பார்த்தாலே உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். நகரிலிருந்து அந்த வீதியால் வந்தால் 1913 ஆம் ஆண்டு கட்டப்பட்ட வெளிச்ச வீடும் அதனை அண்டிய முகத்துவாரமும்தான் வரும். ஆற்று வாயிலோ களப்பு வாயிலோ அலையும் நீரோட்டமும் சேர்ந்து குறுக்கே குவித்துவிடும் மணல் அணையை ஆங்கிலேய மாலுமிகள் ‘பார்’ என்பார்கள். போர்த்துக்கேய மாலுமிகளிடமும் ‘பாரா’ என்று அதே சொல்தான் இருந்தது. கப்பல்காரனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆழ்கடலில் மிதந்து வந்த கப்பல், துறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அந்த மணலில் தட்டி நின்றுவிடும். எனவே அந்தப் பாருக்குப் போகும் பாதையே பார் வீதி என்பது என் உறுதியான எண்ணம்.

மணல் எப்படி வருகிறது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மழையில்லாத மாதங்களில் வாவியிலிருந்து கடலுக்குப் பாயும் நீரின் வேகம் குறைந்துவிடுகிறது. கடல் அலையோ கரையோரமாக மணலை இழுத்து வந்து வாயில் போட்டுக்கொண்டே இருக்கிறது. தள்ளிவிட நீரோட்டம் இல்லாதபோது மணல் உயர்ந்து, கரைக்குக் கரை நடந்து போகலாம் என்ற நிலை வந்துவிடும். பிறகு மாரி தொடங்கி வாடைக்காற்றோடு மழை பிடித்தால், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து ஆறுகளின் வெள்ளமெல்லாம் வாவிக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் தாழ்ந்த வயல்களில் ஏறி நிற்கும். அந்த நேரத்தில்தான் முகத்துவாரம் வெட்ட வேண்டும் என்ற பேச்சு எழும். முன்பு மண்வெட்டியோடு ஆட்கள் இறங்கி வெட்டினார்கள். இப்போது பெக்கோ இயந்திரம் வருகிறது. சிறு வாய்க்கால் அளவு வெட்டிவிட்டால் போதும், மிகுதியை வெள்ளமே அறுத்துக்கொண்டு போய்விடும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் ஒரே நாள் ஒத்துவருவதில்லை. வயல்காரர் நீர் இறங்க வேண்டும் என்பார். வாவியில் இறால் பிடிப்பவர் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும் என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இனி, நான் முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் யாரும் அந்த மணலைப் பார் என்று சொல்வதில்லை. மண்மேடு என்போம், திட்டி என்போம். அந்த இடத்தின் பெயரோ முகத்துவாரம், அல்லது ஆற்றுவாய். “வாய் அடைபட்டுப் போச்சு”, “வாய் திறந்திட்டு” என்றுதான் கரையில் பேச்சு நடக்கும். ஒரே இடத்தில் நின்று, கப்பலில் வந்தவன் அடைப்பைக் கண்டு பெயர் வைத்தான். நாங்கள் திறப்பைக் கண்டு பெயர் வைத்தோம்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், கல்முனை:

பாலமீன்மடுத் தம்பியின் கடைசி வரி சட்டமொழிக்கும் பொருந்துகிறது என்பதை வியப்புடன் வாசித்தேன். நான் பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்தவன். ரீச்சர் குறிப்பிட்ட நினைவு மலர்ப் பிழை என்னையும் வருத்துகிறது. மொழிபெயர்த்தவர் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிட்டார் என்றே தோன்றுகிறது.

இச்சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அடிப்படைப் பொருள், வாயிலைக் குறுக்கே மறித்துப் போடும் மரம் அல்லது இரும்பு என்பதே. இங்கிலாந்து நீதிமன்றங்களில் நீதிபதிகள் அமரும் பகுதியையும் பொதுமக்கள் நிற்கும் பகுதியையும் பிரித்து ஒரு மரத்தடுப்பு இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் அதன் முன்னால் நிறுத்தப்பட்டார். வழக்குரைஞர் அதனருகே நின்று வாதிட்டார். இலண்டனில் சட்டம் பயிலும் நான்கு சங்கங்களின் மண்டபங்களிலும் அத்தகைய தடுப்பு இருந்தது. பயிற்சி முடித்தவரை அதனிடத்துக்கு அழைத்து வாதிடும் தகுதி அளித்தார்கள். ‘பாருக்கு அழைக்கப்படுதல்’ என்ற தொடரும், ‘பரிஸ்டர்’ என்ற பட்டமும் அவ்வழியே வந்தவை. பிறகு தடுப்பைக் குறித்த சொல் அங்கே நின்றவர்களுக்கு ஆகி, முழுச் சட்டத்தரணிகள் சமூகத்தையும் குறிக்கத் தொடங்கிற்று.

தமிழில் நாம் இதை எப்படிச் சொல்கிறோம் என்று கவனியுங்கள். “உயர் நீதிமன்றத்தில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொண்டார்” என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த வாக்கியத்தில் தடுப்பும் இல்லை, அழைப்பும் இல்லை; அவர் செய்த சத்தியம் இருக்கிறது. ஆங்கிலம் நின்ற இடத்தைச் சொல்ல, தமிழ் செய்த காரியத்தைச் சொல்கிறது. அதே போல ‘பார் அசோசியேஷன்’ என்பதை நாம் சட்டத்தரணிகள் சங்கம் என்கிறோம். சங்கத்தில் இருப்போரைச் சொல்லிவிட்டோம், மரத்தடுப்பை விட்டுவிட்டோம். எங்கள் பாட்டன் காலத்தில் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இரு வகையினர் இருந்தார்கள். 1974 தொடக்கம் இரு பிரிவும் ஒன்றாகிச் சட்டத்தரணி என்ற ஒரே பெயர் நிலைத்தது. அந்தப் பழைய பெயர்களையும் மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் பழைய காணி உறுதிகளில் அவை வருகின்றன.

வினைச்சொல்லாக வரும்போது எனக்கு ஐயமே எழுந்ததில்லை. சட்டம் ஒன்றைச் செய்யவிடாமல் ‘பார்’ செய்தால் அது தடை. வழக்குத் தொடரும் காலம் கடந்திருந்தால் அந்த வழக்கு காலத்தால் தடைப்பட்டது. இவ்விரண்டுக்கும் வேறு சொல் தேட வேண்டியதில்லை.

வன்பொருள் கடை, அக்கரைப்பற்று:

எனக்குத் தெரிந்த அளவில் ஒரு சிறு குறிப்பு. கட்டட வேலைக்கு வரும் இரும்பு ‘பார்’ எங்களுக்குக் கம்பி; பத்து மில்லிமீற்றர்க் கம்பி, பன்னிரண்டு மில்லிமீற்றர்க் கம்பி என்றுதான் மேசன்மார் கேட்பார்கள். சிறையில் இருப்பவரைக் கம்பி எண்ணுகிறார் என்பதும் அந்தக் கம்பிதான். தட்டையாக வருவது பட்டம். குழி தோண்டவும் கல்லைப் புரட்டவும் உதவும் கனத்த ‘பார்’ அலவாங்கு. இந்தியத் தமிழர் அதைக் கடப்பாரை என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ‘பார்’ ஒலிப்பதால் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று ஒரு வாடிக்கையாளர் என்னிடம் சொன்னார். அது சரியல்ல, பாரை என்பது தோண்டும் இரும்புக்குத் தமிழிலேயே உள்ள பெயர். அலவாங்குதான் வெளியிலிருந்து வந்தது, அதுவும் போர்த்துக்கேயத்திலிருந்து.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், கல்முனை:

அக்கரைப்பற்றுக் கடைக்காரக் காக்கா (அண்ணன்) சொன்னது முற்றிலும் சரி. மதுபானசாலைக்கு நாம் சொல்லும் தவறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயத்திலிருந்து வந்ததே. 1628 இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிப் பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் அதை இழந்தவர்கள், சொற்களை இங்கே விட்டுப் போயிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மதுபானசாலைக்குப் ‘பார்’ என்று பெயர் வந்ததும் குறுக்குப் பலகையால்தான். குடிவகையை வைத்திருப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே இருந்த நீண்ட பலகைக்கு முதலில் அப்பெயர் வழங்கி, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியளவில் கடை சார்ந்த பொருள் எழுத்தில் காணப்படுகிறது.

பௌதிகவியல் மாணவன், களுவாஞ்சிக்குடி:

அமுக்கத்தை அளக்கும் ‘பார்’ என்ற அலகை யாரும் சொல்லவில்லை. ஒரு பார் என்பது 100,000 பஸ்கால். கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ அவ்வளவு. சூறாவளி அறிவிப்புகளில் கேட்ட மில்லிபார் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் இது மேற்கூறிய சொல்லே அல்ல. பாரோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பாரம் என்று பொருள். அதிலிருந்து இந்த அலகு பிறந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருப்பதால் ஒரே சொல்லின் இன்னொரு பொருள் என எண்ணிவிடக் கூடாது.

எங்கள் பாடநூலில் இந்த அமுக்கத்தை அளக்கும் கருவிக்குப் பாரமானி என்று பெயர். கிரேக்கப் பாரோசும் நம் பாரமும் ஒலியாலும் பொருளாலும் ஒத்திருப்பதால் உறவுச் சொற்கள் என்றே நானும் நம்பியிருந்தேன். தேடிப் படித்தபோது அது தற்செயல் என அறிந்தேன். பாரம் வடமொழியில் சுமத்தல் என்ற வேரிலிருந்து வந்தது. கிரேக்கச் சொல்லின் உண்மையான வடமொழி உறவு குரு, அதாவது கனமானது. யாப்பில் லகு, குரு என்று பிரிக்கிறார்களே அந்தக் குரு. ஒலியில் நெருங்கியது உறவில்லை, ஒலியில் விலகியது உறவு. இதை அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரியது.

பிரதேச செயலக உத்தியோகத்தர், அம்பாறை மாவட்டம்:

அரச சேவையில் இருப்போர் வாழ்நாளில் மறக்க முடியாத ‘பார்’ ஒன்று உண்டு. வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையைத்தான் சொல்கிறேன். சம்பளப் படிநிலையில் ஓரிடத்தில் ஒரு ‘பார்’ போடப்பட்டிருக்கும். பரீட்சையில் சித்தியடைந்தால் மாத்திரமே அதற்கு அப்பால் ஏற முடியும். ஆங்கிலப் பெயரில் ‘வினைத்திறன் பார்’ என்ற அளவோடு நிற்கிறது. தமிழாக்கியவர் ‘தாண்டல்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். அந்த ஒரு சொல்லால் தடையும் தெரிகிறது, தடைக்கு அப்பால் போக வேண்டியவரும் தெரிகிறார். நான் இரண்டாம் முறைதான் தாண்டினேன். விடுதி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு தாபன விதிக்கோவையைப் படித்த இரவுகளில் அந்தப் பெயரின் பொருத்தத்தை உணர்ந்தேன். பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன்.

பட்டிக்காரன், படுவான்கரை:

எல்லாவற்றையும் வாசித்தேன். எத்தனை பொருள் இருந்தாலும் தமிழில் ஒரே சொல் வேண்டுமானால் ‘தடை’ என்று வைத்துவிடலாமே என்று முதலில் எண்ணினேன். மறுபடி யோசித்தபோது அது சரிவரவில்லை. சவர்க்காரக் கட்டி எதைத் தடுக்கிறது? தங்கப் பாளம் எதைத் தடுக்கிறது?

எங்கள் மாட்டுப்பட்டியில் கடப்பு இருக்கிறது. இரு பக்கமும் துளையிட்ட கட்டைகளை நட்டு, நீண்ட தடிகளைக் குறுக்கே செருகிவிட்டால் பட்டி அடைபடும். தடிகளை இழுத்துவிட்டால் மாடு வெளியேறும். கல்முனை ஐயா சொன்ன அந்தப் பழைய பிரெஞ்சுச் சொல்லின் பொருள் இந்தக் கடப்புத் தடிதான் என்று எனக்குப் படுகிறது. தடியின் வேலையை மட்டும் எடுத்தால் சட்டத்தின் தடையும் முகத்துவாரத்து மணலும் அதற்குள் வந்துவிடும். வேலையை விட்டு நீண்ட உருவத்தை மட்டும் எடுத்தால் சவர்க்காரம், சொக்லேட், தங்கம், கணித வகுப்பில் கீறும் சலாகை வரைபு எல்லாம் வரும். உயரம் பாய்தலில் வைக்கும் குறுக்குக் கம்பத்தில் உருவமும் வேலையும் இரண்டுமே இருக்கின்றன. ஆங்கிலத்தில் தரத்தை உயர்த்துவதற்குப் ‘பாரை உயர்த்துதல்’ என்று சொல்வதும் அந்த விளையாட்டிலிருந்துதான். எனவே ரீச்சர், பிள்ளைகளுக்குப் பொருள்களை மனனம் செய்யக் கொடுக்காமல், ‘இங்கே இந்தப் பார் எதையாவது மறிக்கிறதா, அல்லது நீளமாக மட்டும் இருக்கிறதா’ என்று கேட்கப் பழக்கினால் பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் தாழ்மையான கருத்து.

இன்னொன்று. நாங்கள் அந்த இடத்தைக் கடப்பு என்கிறோம், கடந்து போகும் இடம் என்ற பொருளில். மறிப்பதற்காகப் போட்ட தடிக்கும் கடப்புத் தடி என்றே பெயர். பாலமீன்மடுத் தம்பி முகத்துவாரத்தைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது.

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி:

உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. பட்டிக்காரன் அண்ணன் தந்த கேள்வியை இன்றே வகுப்பில் முயன்று பார்த்தேன். பத்து வாக்கியங்கள் கொடுத்தேன்; ஒன்பதில் பிள்ளைகள் தடுமாறவில்லை. தடுமாறிய ஒன்று, ‘ஒருவர் பார் எல்லோரும் வந்தார்கள்’ என்ற அமைப்பில் உள்ள ஆங்கில வாக்கியம். அங்கே அச்சொல் ‘தவிர’ என்ற பொருளில் நிற்கிறது. ஒருவரைக் கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டு மற்றவர்களை எண்ணுவதாக விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள். மேலைச் சங்கீதத்தில் தாள அளவைக் குறிக்கும் பொருளும் உண்டு. குறியீட்டில் குறுக்கே கீறும் கோட்டால் வந்த பெயர் அது.

இன்னும் ஒரு ஐயம். வீதியின் பெயரைத் தமிழில் ‘பார் வீதி’ என்றே எழுதுகிறோம். தமிழில் பார் என்றால் உலகம். ஏவலாகக் கொண்டால் நோக்கு. பெயரைத் ‘திட்டி வீதி’ என்பது போல மாற்றி எழுதினால் பிள்ளைகளுக்கு விளங்குமா?

பாலமீன்மடுவான்:

மாற்ற வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். தபாலிலும் உறுதியிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழில் பாருக்கு நீங்கள் சொன்ன இரண்டு பொருளும் மட்டுமல்ல, எங்கள் தொழிலில் மூன்றாவதும் உண்டு. கடலடியில் கல்லாகக் கிடக்கும் தரையைப் பார் என்போம். அங்கே மீன் நிற்கும், வலை போட்டால் சிக்கிக் கிழியும். மன்னார்க் கடலில் முத்துச் சிப்பி படுக்கும் கல்தரைகளுக்குப் பார் என்றே பெயர். பெரியபார் என்பது போன்ற பெயர்களை ஆங்கிலேயர் தங்கள் அறிக்கைகளிலும் அப்படியே எழுதினார்கள்.

ஆகவே கடலில் இரண்டு பார் இருக்கின்றன. ஆங்கிலப் பார் மணல். இன்றைக்கு இருந்த இடத்தில் அடுத்த மாரியில் இராது. தமிழ்ப் பார் கல். பாட்டன் அடையாளம் சொன்ன இடத்தில் பேரனும் அதைக் காண்பான். ஆங்கிலக் குறிப்பில் முகத்துவாரப் பாரைப் பற்றி வாசித்துவிட்டு அதைத் தமிழில் பார் என்றே ஒருவர் எழுதினால், கரையில் இருப்பவர் அங்கே கல் கிடக்கிறது என்று நினைத்துத் தோணியை விலக்கிக்கொண்டு போவார். இதை உங்கள் குறிப்பில் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ரீச்சர்.

எழுவான்கரை ஆசிரியை, கல்லடி:

தம்பி, இதைத் தனிப் பந்தியாகவே எழுதுகிறேன். நினைவு மலர் வந்த வீட்டாருக்கும் கல்முனை ஐயாவின் விளக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். மூத்த மகன் திருத்திய வாக்கியத்தை ஒரு தாளில் அச்சிட்டு, மலர் பெற்றவர்களுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். வரும் சனிக்கிழமை மாணவர்களை வெளிச்ச வீட்டுப் பக்கம் அழைத்துவர எண்ணியிருக்கிறேன். இப்போது போனால் அவர்கள் அந்தப் பாரைக் கண்ணால் பார்க்கலாமா?

பாலமீன்மடுவான்:

பார்க்கலாம். வாய் அடைபட்டுத்தான் கிடக்கிறது. மணலின் மேல் நடந்தே போகலாம். வெயில் ஏறும் முன், காலை ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். பிள்ளைகளைக் கடல் பக்கம் இறங்க விடாதீர்கள், அந்த இடத்தில் இழுவை அதிகம். நான் தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மண்வெட்டியால் வெட்டிய காலத்தை அவர்தான் கண்டவர்.